கணவாய்க்கு மேலே ஜப்பான் கட்டை

எனக்கு எந்த விளையாட்டும் ஆகாது. தாயக்கட்டையைக் கண்டாலே எரிச்சல் வரும். அப்படிப்பட்ட என்னைப் பிடித்து எட்டு வருஷம் ஒரு விளையாட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல வைத்தார்கள் என்றால், லாரி டிரைவர்களின் புத்தியை என்னவென்று சொல்வது.

தொப்பூர் கணவாயின் மேல்முனையில், பெங்களூர் ரோட்டோரம் என் கடை. என் வீட்டுக்காரர் கரீம் போட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் மஞ்சள் காமாலையில் அவர் போன பிறகு நான் நடத்தினேன். காலையில் இட்லி, மத்தியானம் சோறும் கறிக்குழம்பும், நாள் முழுக்க டீ. சேலத்திலிருந்து ஏறிவரும் லாரிகள் ரேடியேட்டர் கொதித்து என் கடை வாசலில் வந்து நிற்கும். ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்ற அரைமணி நேரமாவது ஆகும். தருமபுரிப் பக்கமிருந்து வருகிறவர்கள் இறங்குவதற்கு முன் பிரேக்கைப் பார்த்துக்கொள்ள நிற்பார்கள். இரண்டு வகை ஆட்களும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். பீடி குடிப்பார்கள், ஓனரைத் திட்டுவார்கள், திட்டி முடித்ததும் ஒருவரோடு ஒருவர் சண்டைக்கு நிற்பார்கள். என் டீ கிளாஸ்கள் பாதி அப்படித்தான் உடைந்தன.

பச்சியப்பன் அண்ணன் அந்தச் சண்டையில் சேராதவர். கம்பைநல்லூர்க்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து, தருமபுரி ஓனர் ஒருவரிடம் நீல லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். நெட்டையான ஆள், பேச்சு குறைவு. அறுபத்துமூன்றில் மெட்ராஸ் ஹார்பரிலிருந்து சேலம் பக்கம் ஒரு மில்லுக்கு ஜப்பான் மிஷின் ஏற்றிவந்தார். மில்லில் பெட்டியைப் பிரித்தபோது வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு மரச்சாமான் விழுந்தது. ஒரு கைப்பிடி, அதன் உச்சியில் கூர்முனை. குறுக்கே சுத்தியல் தலை மாதிரி ஒரு கட்டை, அதன் இரண்டு பக்கமும் குழிந்த கிண்ணம், ஒன்று பெரிது, மற்றது சிறிது. கைப்பிடியின் அடியிலும் ஒரு குழி. துளை போட்ட சிவப்பு மர உருண்டை ஒன்று நூலில் கட்டித் தொங்கியது.

மில் மேஸ்திரி அதை மிஷினின் பாகம் என்றே முடிவு கட்டிவிட்டார். ஜப்பான்காரன் வேண்டாத சாமானை அனுப்பமாட்டான் என்பது அவர் வாதம். அது எங்கே பொருந்தும் என்று ஃபிட்டர்கள் இரண்டு நாள் மிஷினுக்கு அடியில் படுத்துத் தேடினார்களாம். உருண்டையைப் பல்சக்கரத்துக்கு நடுவில் செருகிப் பார்த்ததில் நூல் அறுந்ததுதான் மிச்சம். அது இல்லாமலே மிஷின் ஓடியது. அப்படியும் சந்தேகம் தீராமல், ‘உபயோகம் தெரியவில்லை’ என்று சீட்டு எழுதி ஸ்டோரில் மாட்டிவைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பஞ்சு இறக்கப் போன பச்சியப்பன் அண்ணன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குக் கெண்டாமா என்று பேர், ஜப்பானில் பிள்ளைகள் ஆடுவது என்பதெல்லாம் எங்களுக்கு ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் எங்களுக்கு அது ஜப்பான் கட்டைதான்.

தார்ப்பாய் தைக்கிற நூலில் ஒரு முழம் வெட்டி உருண்டையைக் கட்டினார். ரேடியேட்டர் ஆறும்வரை பெஞ்சு நுனியில் உட்கார்ந்து அதைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய கிண்ணத்தில் உருண்டை உட்கார நாலு நாள் ஆயிற்று. சின்னக் கிண்ணத்துக்கு ஒரு வாரம். உருண்டையின் துளை மேலே உள்ள முனைக்குத்தான் என்று புரிந்துகொண்டு, உருண்டையை எறிந்து முனையில் குத்தி நிறுத்தியது பத்தொன்பதாவது நாள். ‘டக்’ என்றது. கடையில் இருந்த அத்தனை பேரும் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி டீ கேட்டார். எனக்கு அந்த அலட்டல் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து என் கடையில் நிம்மதி போயிற்று. எனக்கு ஒரு தடவை, உனக்கு ஒரு தடவை என்று ஆளாளுக்குப் பறித்தார்கள். பொம்மிடிக்காரன் சவுரியப்பன் அப்போதுதான் கிளீனரிலிருந்து டிரைவர் ஆனவன், வாய்த்துடுக்கு அதிகம். அவன் மூன்றே நாளில் முனையில் குத்திவிட்டு, நாலாம் நாள் கட்டை கிடைக்காமல் இன்னொருவனோடு புரண்டு சண்டை போட்டான். கடைசியில் நானே, அதே மாதிரி கடைந்து தரச் சொல்லி அதைத் தருமபுரிக்குக் கொடுத்தனுப்பினேன். அங்கே கட்டில் காலும் தொட்டில் காலும் கடைகிற அப்துல் கனி என் தங்கச்சி வஹிதாவின் வீட்டுக்காரர். முதலில் கடைந்த பன்னிரண்டிலும் உருண்டையில் மணிக்குப் போடுகிற மாதிரி நேர்த்துளை போட்டுவிட்டார். ஒன்றும் முனையில் நிற்கவில்லை. எப்படித்தான் ஆடுகிறார்கள் என்று பார்க்கத் தானே உட்கார்ந்தவர், அன்று முழுக்கப் பட்டறையைத் திறக்கவில்லை என்று வஹிதா வந்து என்னைத்தான் திட்டினாள். துளையின் வாயை அகலமாக்கி உள்ளே குறுக்கிக் கடைந்த அடுத்த பன்னிரண்டும் சரியாக அமைந்தன.

இரண்டு வருஷத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓமலூர் வரை அறுபது எழுபது லாரிகளில் கண்ணாடிக்குப் பக்கத்தில் கட்டை தொங்கியது. லாரிக்கு அடித்த பெயிண்டில் மிச்சமிருப்பதை அதற்கும் பூசிக்கொண்டார்கள். ரோட்டில் எதிரும் புதிருமாகக் கடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே விரலைக் காட்டுவார்கள். அன்றைக்கு விடாமல் எத்தனை முறை குத்தினான் என்று கணக்கு. ஐந்து விரலையும் இரண்டு முறை விரித்துக் காட்டினால், அவன் கடைக்கு வந்ததும் மற்றவர்கள் நம்பாமல் மறுபடி ஆடச் சொல்வார்கள். சங்கம் என்று யாரும் பேர் வைக்கவில்லை, தலைவர் கிடையாது. ஒருவன் வண்டி நடுவழியில் நின்றால் அடுத்து வருகிற கட்டைக்காரன் நிறுத்தாமல் போகமாட்டான், அவ்வளவுதான். என் கிளாஸ்கள் உடைவது நின்றது. அதை மட்டும் நான் ஒப்புக்கொள்வேன்.

மாது செத்தது அறுபத்தைந்து மாசியில். பாலக்கோட்டுப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம். பெங்களூரிலிருந்து இரண்டு நாள் தூக்கமில்லாமல் வந்தவன், வெயில் ஏறும் நேரத்தில் என் கடையில் டீ குடித்தான். ஒன்பது தடவை எறிந்தான், ஒன்பதும் தப்பியது. ஒவ்வொன்றுக்கும் சிரித்தான், நாங்களும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினான். இரண்டாவது வளைவில் வண்டி திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் பச்சியப்பன் அண்ணன் வந்து எல்லோரையும் உட்கார வைத்தார். அவர் அத்தனை பேசி நான் பார்த்ததில்லை.

“அவன் கண்ணும் கையும் ஒண்ணா இல்லன்னு இந்தக் கட்ட ஒம்பது தடவ சொல்லிச்சி. நாமதான் கேக்கல. இனிமே எறங்கற வண்டி எதுவா இருந்தாலும் பத்து தடவைக்குள்ள ஒருக்கா முனையில குத்திட்டுத்தான் எறங்கணும். குத்தலன்னா கட்டுல்ல படுத்துத் தூங்கிட்டு மறுக்கா ஆடணும். யாரா இருந்தாலும் சரி.”

“குத்துனானா இல்லயான்னு யாரு சொல்றது?” என்று சவுரியப்பன் கேட்டான்.

“பீவி சொல்லட்டும்” என்று என்னைக் காட்டினார். “ஆடறவன் சொன்னா இன்னொரு ஆட்டக்காரன் கேக்கமாட்டான். அந்தம்மாவுக்குத்தான் இதக் கண்டாலே ஆவாதே.”

அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். குத்திவிட்டால் ‘கெளம்புங்க’ என்பேன். பத்தும் தப்பினால் ‘படுங்க’ என்பேன். வேறு பேச்சு கிடையாது. கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நாலு கயிற்றுக் கட்டில் போட்டேன். ஓனர் ஒருவர் ஜீப்பில் வந்து, பொம்மையை வைத்துக்கொண்டு என் வண்டியை நிறுத்துகிறாயா என்று குதித்தார். அவர் கையில் கட்டையைக் கொடுத்து ஆடச் சொன்னேன். பத்து, இருபது, முப்பது என்று எறிந்துவிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்தார். படுங்க என்றேன். கடையே சிரித்தது. அதற்கப்புறம் அவர் பேசவில்லை. கணவாயில் விபத்தே நின்றுபோனது என்று சொன்னால் பொய். ஆனால் எட்டு வருஷத்தில் எங்கள் கட்டைக்காரர்களில் ஒருவன்கூடத் தூங்கி விழுந்து சாகவில்லை.

அறுபத்தொன்பதில் ஒரு ஜப்பான் இன்ஜினீயர் கார் சூடாகி என் கடையில் இறங்கினார். கடைச் சுவரில் வரிசையாகத் தொங்கிய ஜப்பான் கட்டைகளை மனுஷன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கூட வந்தவர் சொல்லித்தான் கெண்டாமா என்கிற பேரே தெரிந்தது. நூல் நீளம் அதிகம், பிடிக்கிற விதமும் சரியில்லை என்று இன்ஜினீயர் ஆடிக்காட்டினார். சவுரியப்பன் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “பாவம், அவங்க ஊருல இதச் சரியா சொல்லித்தர ஆளில்ல போல” என்றான்.

எழுபத்துமூன்று சித்திரையில் ஒரு நாள் பச்சியப்பன் அண்ணன் முன்னால் டீயை வைத்தேன். கிளாஸை எடுக்க நீட்டிய கை, கிளாஸுக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே மூடிக்கொண்டது. பிறகு தடவி எடுத்தார். நான் பார்த்ததை அவரும் தெரிந்துகொண்டார். அன்றைக்கு எட்டாவது தடவைதான் முனையில் குத்தினார். அதுவரை அவர் இரண்டைத் தாண்டியதில்லை.

ஆனியில் பத்தாவது தடவை குத்தினார். ஆடியில் இரண்டு முறை வேப்பமரத்தடியில் படுத்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டார். கண்தான் காரணம் என்று எல்லோரும் ஊகித்துவிட்டார்கள். சவுரியப்பன்தான் எல்லோரையும் கூட்டி, நாற்பத்தைந்து வயது தாண்டினவங்க முனையில் குத்த வேண்டாம், பெரிய கிண்ணத்தில் வாங்கினால் போதும் என்று புது ஏற்பாடு செய்தான். அந்த வயதைத் தாண்டினவர் அவர் ஒருவர்தான். பெரிய கிண்ணம் அவர் நாலாம் நாளே கற்றுக்கொண்டது. அதையும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆவணியில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னண்ணா, கண்ணா?” என்று நானே கேட்டேன்.

“சேலத்துல காட்டுனேன். வலது கண்ணுல நரம்பு காஞ்சி போச்சாம். ஆப்பரேசன்லாம் ஒண்ணும் கெடயாதாம். இன்னொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா போவும்னாரு டாக்டரு.”

“ஓனருக்குத் தெரியுமா?”

“டாக்டரு சொன்னது யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லாத. ஆயுத பூச வரைக்கும் ஓட்டிக்கறேன், பீவி. அதுக்கப்பறம் தீவாளி வரைக்கும்னு கேப்பேன், எனக்கே தெரியுது.” தன் இரண்டு கைகளையும் பார்த்தார். “இருவத்தெட்டு வருசமாச்சி. ஸ்டீரிங் இல்லன்னா இந்தக் கைய எங்க வெக்கறதுன்னு எனக்குத் தெரியல.”

நான் அவர் சாப்பிட்ட இலையை எடுத்தேன்.

“கண்ண மூடிக்கிட்டுகூட இந்தக் கணவாய எறங்குவேன், தெரியுமில்ல?”

“தெரியுங்கண்ணா. எதுத்தாப்புல வர்றவனுக்கு அது தெரியுமா?”

எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஒரு மாதம் என் கடையில் நிற்கவில்லை. நீல லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு நேராகக் கணவாயில் இறங்கிவிடும். அது கீழே போய்ச் சேர்ந்திருக்குமா என்று, அடுத்து ஏறிவரும் பஸ் கண்டக்டரைப் பார்க்கும்வரை எனக்கு அடுப்பில் கவனம் இருக்காது. ஓனருக்குச் சொல்லி அனுப்பலாம் என்று இரண்டு முறை நினைத்தேன், இரண்டு முறையும் பேசாமல் இருந்துவிட்டேன். அது தப்புத்தான்.

ஆயுத பூஜைக்கு வந்தார். அன்று ஒரு நாள் எல்லாக் கட்டைக்காரர்களும் வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, என் கடை வாசலில் நிறுத்துவது வழக்கம். பூஜையைக் கட்டைக்காரர்களில் ஒருவனான கோவிந்தன் செய்வான், பிரியாணியை நான் செய்வேன், சவுரியப்பன் இரண்டுக்கும் குறை சொல்வான். அன்றைக்கு யாரும் ரோட்டில் இறங்கமாட்டார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் ஒவ்வொருவராக ஆடிவிட்டுக் கிளம்ப வேண்டும். இறங்குகிற வண்டிகள் பதினொன்று நின்றன. முதலில் ஆடுவது எப்போதும் பச்சியப்பன் அண்ணன்தான்.

பெரிய கிண்ணத்தில்தான் வாங்கப் பார்த்தார். முதல் தடவை உருண்டை விளிம்பில் பட்டு விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது ஒரு கணம் உட்காரப் பார்த்து உருண்டது. ஒவ்வொரு தடவையும் நூலைச் சுருட்டி, உருண்டையை நிலைக்கவிட்டு, நிதானமாகத்தான் எறிந்தார். பத்தும் போயிற்று. நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை, அதை எட்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு வாயிலிருந்து வரவில்லை.

சவுரியப்பன் அவசரமாக நடுவில் வந்தான்.

“அக்கா, இருங்க. எல்லாரும் ஆடி முடிக்கட்டும், அப்பறம் மொத்தமா சொல்லுங்க.”

அவன் ஆடினான். பத்தும் தப்பியது. கண்ணைக் கட்டிவிட்டாலும் குத்துகிறவன் அவன். அடுத்து கோவிந்தன், பத்தும் தப்பு. மூன்றாவது ஆளும் தப்பவிட ஆரம்பித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ராத்திரியே பேசி வைத்திருக்கிறார்கள். பதினொரு பேரும் படுத்தால் ஒருவர் படுத்தது தெரியாது. மத்தியானம் எழுந்து மறுபடி ஆடாமலே எல்லோரும் ஒன்றாகக் கிளம்பிவிடலாம். அவர்களைக் கும்பிடலாம் போல இருந்தது. அதே நேரத்தில் நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

பச்சியப்பன் அண்ணன் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நாலாவது ஆள் கட்டையை எடுத்ததும் கையைத் தூக்கினார்.

“போதும் நிறுத்துங்கடா.”

நாலாவது ஆள் கட்டையைக் கீழே இறக்கினான்.

“எனக்குக் கண்ணுதான் போச்சி. காது நல்லாத்தான் இருக்குது. நெசமா தப்புனா உருண்ட எங்கியாச்சும் பட்டுத்தான் வுழும். கிண்ணத்துலயாவது படும், கையிலயாவது படும். சவுரி, நீ பத்து தடவ எறிஞ்சதுல ஒரு சத்தம் வரல. வேணும்னு வுடறவன்தான்டா அப்பிடி வுடுவான்.”

“அண்ணா, அப்பிடியில்லங்க…” என்றான் சவுரியப்பன்.

“மாது அன்னிக்கிச் சிரிச்சிக்கிட்டே எறங்குனான். இன்னிக்கி என்னச் சிரிக்க வெச்சி எறக்கப் பாக்கறீங்களா?”

சவுரியப்பன் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

பச்சியப்பன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். நேராக என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்.

“சொல்லு, பீவி.”

“அண்ணா…”

“உன் வாயால சொல்லு. நீ சொன்னாத்தான் எனக்குக் கேக்கும்.”

“படுங்கண்ணா” என்றேன்.

மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நீல லாரியின் சாவியை என் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். “ஓனருக்குச் சொல்லி வுடு, ஆள் அனுப்புவாரு” என்றார். வேப்பமரத்தடிக்குப் போய்க் கட்டிலில் படுத்துக் கண்ணின்மேல் முழங்கையை மடித்து வைத்துக்கொண்டார். அவருக்குத் தூக்கம் வரவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். படுத்தபடியே, “நின்னுக்கிட்டு என்னா பண்றீங்க, வண்டிய எடுங்க” என்று அதட்டினார்.

பத்து பேரும் மறுபடி வரிசையில் நின்றார்கள். இனி ஒருவன் தப்பவிட்டாலும் அது அவரை அவமானப்படுத்துகிற மாதிரி என்று தெரிந்து நின்றார்கள். சவுரியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எறிந்தான். டக். கெளம்புங்க என்றேன். வண்டி உறுமி இறங்கிப் போயிற்று. கோவிந்தன். டக். கெளம்புங்க. அடுத்தவன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணனின் கால் விரல் மட்டும் லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். பத்தாவது வண்டியும் வளைவில் மறைந்த பிறகு, வாசலில் வாழைக்கன்றும் மாலையுமாக நீல லாரி ஒன்றுதான் நின்றது. நான் அழுதுகொண்டே அடுப்பை அணைத்தேன். அவரை வண்டியிலிருந்து இறக்கியது நான்தான். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் சொல்வேன், ஆனாலும் எனக்கு அது ஆறவில்லை.

டீ எடுத்துக்கொண்டு போனேன். கிளாஸை அவர் கையிலேயே பிடித்து வைத்தேன்.

“எத்தன பேரு மொத தடவயிலயே குத்துனாங்க?” என்று கேட்டார்.

“பத்து பேருமேங்கண்ணா.”

டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

“நல்லா வந்துட்டானுங்க” என்று சொல்லிவிட்டு, காலிக் கிளாஸை என் பக்கம் நீட்டினார்.